அரை நொடி முந்தி வந்த சத்தம்

1

இந்தக் கதையை எழுத எனக்கு யாரும் அனுமதி தரவில்லை. கேட்டிருந்தால் ஒருத்தி சரி என்றிருப்பாள், ஒருத்தன் வேண்டாம் என்றிருப்பான். அவர்கள் இருவரும் கணவன் மனைவி. அதனால் கேட்காமலே எழுதுகிறேன்.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"2008 நவம்பரில், ஒசூர் சாலையில் பனி இறங்கியிருந்த ஒரு காலையில் அவள்" (அடித்துவிட்டேன். அவள் வந்தது மத்தியானம், நல்ல வெயில். பனி நான் போட்டது.)

"மனிதனை இயந்திரம் தின்னும் இந்தக் காலத்தில்" (மேடைப்பேச்சு.)

"ஒரு பவர் பிரஸ் மேலிருந்து கீழே இறங்க ஒரு நொடிகூட ஆகாது." (உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் ரத்தத்துக்காகக் காத்திருப்பீர்கள். ரத்தம் வரும் இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். அதைப் பார்க்க வந்தவர்கள் இப்போதே போய்விடலாம்.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எங்கே என்னால் முடியவில்லையோ அங்கே வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவேன்.

2

நான் லிபியா. சூளகிரியில் பங்குக் கோயிலை ஒட்டிய கூடத்தில் பெண்களுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். கூடத்தின் ஒரு பாதியில் தையல் மெஷின்கள், மறு பாதியில் ஆறு கணினிகள். வெளிநாட்டுப் பங்குக் கோயில் ஒன்று, தங்களுக்குப் பழசாகிவிட்டதென்று கப்பலில் அனுப்பியவை. மானிட்டர், உள்ளே இருப்பது எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளை உருண்டை. உச்சியில், தூக்குவதற்கு ஒரு கைப்பிடி. அவற்றின் சிப் வேறு ரகம். கடையில் கிடைக்கும் எந்த மென்பொருளும் அதில் ஏறாது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு தன்னார்வலர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

தட்டச்சு நடந்தது. கடிதம், இணையம் எல்லாம் நடந்தது. இணைய வீடியோ மட்டும் ஓடாது. அதற்கு உலாவிக்குள் ஒரு பிளக்-இன் வேண்டும். அதைச் செய்கிறவர்கள் எங்கள் ரகக் கணினிக்கு அதைச் செய்யவே இல்லை. வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வரும், அவ்வளவுதான்.

[எனக்கு அது வசதியாகவே இருந்தது. மாணவிகள் பாட்டுப் பார்க்காமல் பாடத்தைப் பார்ப்பார்கள்.]

கிருபாராணியைக் கோயிலில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. எலத்தகிரிப் பெண். கல்யாணமாகிச் சூளகிரி வந்து ஐந்து வருடம். அன்று வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், ஒரு வீடியோ பாக்கணும்."

"இங்க வீடியோ ஓடாதுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் இருக்குதே."

"அங்கதான் போயிட்டு வர்றன்."

அங்கே நடந்ததைச் சொன்னாள். கடைக்காரரிடம் "பிரஸ்ஸுல கை போன வீடியோ" என்றதும் அவர் வேறெதுவும் கேட்காமல் திறந்தார். பல தடவை திறந்து பழக்கம். ஷிப்டு முடிந்து வந்த மூன்று ஆட்கள் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் உதவியாக, "மொதல்ல ஒண்ணும் இல்லக்கா, கடைசில பாருங்க, கடைசில" என்றிருக்கிறான். ஓட ஆரம்பிக்கும் முன்பே எழுந்து வந்துவிட்டாள்.

"அதுல இருக்கறது எங்க ஊட்டுக்காரரு" என்றாள் என்னிடம்.

அவள் கணவன் ஜாக்சன். வயது இருபத்தேழு. ஒசூர் சாலையில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்ஸில் ஆபரேட்டர். (பட்டறையின் பெயரை எழுதவில்லை. வழக்கு முடியவில்லை.) மூன்று வாரத்துக்கு முன்னால் அவனுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டோடு போய்விட்டன. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பித் தடுப்பை அவனே கழற்றினான், கவனக்குறைவாகப் பெடலை மிதித்தான் என்று நிர்வாகம் எழுதி வைத்திருந்தது. ஜாக்சன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"கேட்டா சுவத்தப் பாக்கறாரு. கூட வேல செய்யறவரு யாரோ செல்லுல எடுத்திருக்காரு. அது செல்லுக்குச் செல்லு போயி நெட்டுல ஏறிடுச்சி. ஊரே பாத்திருக்குது மிஸ். கூடப் படுத்து எழுந்திரிக்கிறவ, நான் மட்டும் பாக்கல."

3

தளத்தைத் திறந்தேன். தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. கீழே, நாற்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்திருப்பதாக எண். நடுவில் சாம்பல் பெட்டி.

அவள் அந்தப் பெட்டியையே பார்த்தாள்.

"இதுக்குப் பின்னால இருக்குதா?"

"இருக்குது. இதுக்குக் காட்டத் தெரியாது."

"இங்க காட்ட வேணாம் மிஸ். ஓட்டல்ல உக்காந்து சாப்புட முடியலன்னா பார்சல் கட்டிக்கினு வர்றதில்லையா? அப்டி எடுத்தாந்துட முடியாதா?"

[இந்த யோசனையை எனக்கு வந்ததாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். இல்லை. அவளுடையது.]

பிளக்-இன் என்பது ஒரு திரைச்சீலைதான். பின்னால் சாதாரணமான ஒரு கோப்பு இருக்கிறது, அதற்கு ஒரு முகவரி இருக்கிறது. பக்கத்தின் மூல வரிகளைத் திறந்து, எழுத்தும் எண்ணுமாகக் கிடந்த குப்பையில் தேடினேன். இரண்டு துண்டுகளை ஒட்டினால் முகவரி வந்தது. கோப்பு இறங்கத் தொடங்கியது. முப்பத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது. அந்த வருட மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும்.

இரண்டு மணி நேரம் தையல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தானாகப் பேசினாள்.

"சோறு நான்தான் ஊட்டறன். வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி வாசலப் பாக்கறாரு, யாராச்சும் வராங்களான்னு. ஆளு இல்லன்னா வாங்கிக்குவாரு."

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. முதலிலிருந்து இறக்கினேன். ஆறு எம்பி சொச்சம். உலாவியை மூடிவிட்டுத் தனியாக ஒரு பிளேயரில் போட்டேன். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி என்று காட்டியது.

"நான் வெளிய போகட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். நிறுத்தச் சொன்னா நிறுத்த ஆளு வேணும்."

4

எங்கள் கணினிக்கு வயதாகிவிட்டது. படத்தை விரித்துக் காட்ட அது திணறும். சத்தத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆகவே சத்தம் அரை நொடி முந்தி வந்தது. யாரோ பேசி முடித்த பிறகு வாய் அசைந்தது.

முதல் ஒரு நிமிடத்தை எழுத முடியும், எழுதுகிறேன். படம் சின்னது, கலங்கலானது. நீலச் சட்டையில் ஜாக்சன், பிரஸ்ஸுக்கு முன்னால். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறான். காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டான். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்கிறான் செல்லைப் பிடித்திருப்பவனிடம். பிரஸ் தானாக இறங்கி ஏறுகிறது. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. யாரும் தொடவில்லை. கம்பித் தடுப்பு கழற்றப்பட்டு ஓரமாகச் சாய்ந்திருக்கிறது.

பிறகு படத்துக்கு வெளியே ஒரு குரல். சூப்பர்வைசர். "என்னப்பா வேடிக்க? மெயின்டனன்ஸ் நாளைக்குத்தான் வரும். டார்கெட் யாரு உங்கப்பனா குடுப்பான்? கம்பிக் கார்டு மாட்டுனா லேட்டாவுது, அப்டியே ஓட்டு."

ஜாக்சன் கைகளை இறக்குகிறான். பிரஸ்ஸின் அச்சில் சிக்கிய தகட்டுத் துண்டை எடுக்கக் குனிகிறான். கால் பெடலுக்குப் பக்கத்தில்கூட இல்லை. இரண்டு கைகளும் உள்ளே

சத்தம் வந்தது.

நான் ஸ்பேஸ் பாரை அடித்தேன். யோசித்துச் செய்யவில்லை. சத்தம் முந்தி வந்ததால் படம் அதற்கு முந்தைய கணத்தில் நின்றுவிட்டது. பிரஸ் மேலே இருந்தது. இரண்டு கைகளும் இருந்தன. பத்து விரல்கள்.

கிருபாராணி திரைக்குப் பக்கத்தில் வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மோதரம் போட்டிருக்காரு" என்றாள். பிறகு, "இப்டியே நிக்கட்டும்."

தையல் வகுப்புக்கு ஆட்கள் வரும் வரை நிற்க வைத்திருந்தேன். மீதி நொடிகளை அவள் அன்று பார்க்கவில்லை. படம் நின்ற பிறகும் ஸ்பீக்கரில் சத்தம் ஒரு நொடி ஓடித்தான் நின்றது. அதை அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். ஜாக்சன் கத்தியது மூன்று சொல். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

5

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. செல்லில் எடுத்தவன். வெள்ளைச்சாமி, மதுரைப் பக்கம், ஒப்பந்தத் தொழிலாளி. கைகள் போன பிறகும் அவனுடைய செல் இருபது நொடி ஓடியிருக்கிறது. எப்படிப்பட்ட மனுஷன் அவன்? முதல் பிரதியில் அவனை வில்லனாக எழுதினேன். அடுத்த பிரதியில் கோழையாக்கினேன், சாட்சிக்குக் கூப்பிட்டதும் ஊருக்கு ஓடிப்போகிறவனாக. கதைக்கு அது நன்றாகவே இருந்தது.

ஆனால் நான் அவனைப் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் கிருபாராணியோடு கூடத்துக்கு வந்தான். ஒல்லியாக இருந்தான், பேசும்போது தரையையே பார்த்தான்.

"மெஷினு மூணு நாளா டபுள் அடிக்குது, மிதிக்காமலே இறங்குதுன்னு சொல்லிப் பாத்தோம்க்கா, நம்ப மாட்டேன்னுட்டாய்ங்க. எடுத்துக் காட்டலாம்னு ஜாக்சன் அண்ணந்தான் சொன்னாரு. அப்பப் பாத்து…"

"அப்பறமும் எடுத்துக்கிட்டே இருந்திருக்கீங்களே?"

"கை வெறச்சுப்போச்சுக்கா. நிப்பாட்டணும்னே தோணல. ரூம்ல கூட இருக்கவன்ட்ட, செல்லப் புடுங்கிருவாய்ங்க, நீயும் ஒரு காப்பி வச்சுக்கன்னு அனுப்புனேன். அவன் இப்படிச் செய்வான்னு தெரியாது."

அவன் பயந்தபடியே நடந்தது. நிர்வாகம் வெள்ளைச்சாமியின் செல்லை வாங்கி வைத்துக்கொண்டது. அடுத்த வாரம் தளத்திலிருந்தும் வீடியோ காணாமல் போனது. யார் சொல்லி எடுத்தார்கள் என்று தெரியாது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. ரூம்காரன் பயந்து தன் காப்பியையும் அழித்துவிட்டான். செல்லில் வாங்கி வைத்திருந்த மற்றவர்களும் அழித்துவிட்டதாகவே சொன்னார்கள்.

நாற்பதாயிரம் பேர் பிளக்-இன் வைத்துப் பார்த்தார்கள். யாரிடமும் அது இல்லை, எல்லோரும் பார்த்ததோடு சரி. பார்க்க வழியில்லாத எங்கள் கணினியில் மட்டும் இருந்தது.

6

ஒசூர் வக்கீல் சென்னப்பன் வழக்கை எடுத்தார். நஷ்டஈடு விசாரணை நடந்த ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். கோப்பை ஒரு சிடியில் பதிந்து கொடுத்தேன். அங்கே இருந்த கணினி அந்தக் கோப்பைத் திறக்கத் தெரியாது என்றது. எதிர்த்தரப்பு வக்கீல், சிடி காலி என்றே சொல்லிவிட்டார்.

"ஓடுற கம்ப்யூட்டரையே கொண்டாந்துடறோம் ஐயா" என்று சென்னப்பன் வாய்தா வாங்கினார்.

அடுத்த விசாரணை ஏப்ரலில். ஃபாதரிடம் கேட்டுக்கொண்டு நானும் கிருபாராணியும் அந்த வெள்ளை உருண்டையைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றினோம். கைப்பிடியில் ஆளுக்கு ஒரு கை. சூளகிரியில் பஸ் ஏறும்போது கண்டக்டர், "இன்னாம்மா இது, டிவியா?" என்றார். "ஆமா" என்றாள் கிருபாராணி. ஜாக்சன் பின்னால் ஏறினான். தலைகீழாகப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் (இது என்ன வாக்கியம்? அடிக்கிறேன்.) கம்பியைப் பிடிக்க முடியாததால் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வெள்ளைச்சாமி தனியாக வந்திருந்தான். கூண்டு எதுவும் கிடையாது, ஒரு மேஜைதான். "நான்தான் எடுத்தேன், என் செல்லுல" என்றான், கேட்கும் முன்பே. அடுத்த வாரம் அவனைப் பட்டறை கேட்டுக்குள் விடவில்லை. இப்போது ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். அவனைக் கோழையாக்கிய பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

சென்னப்பன் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் ஓட்டச் சொன்னார். எதிர்த்தரப்பு விடவில்லை. "முழுசா ஓட்டணும். பெடலை மிதிச்சாரா இல்லையான்னு தெரியணும்." அதிகாரி தலையாட்டினார்.

ஓட்டினேன். ஸ்பேஸ் பாரில் என் விரல் இருந்தது. அழுத்த உரிமை இல்லை. சத்தம் முந்தி வந்தது, படம் பின்னால் வந்தது. கிருபாராணி அப்போதுதான் முழுவதையும் பார்த்தாள். ஜாக்சன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"அங்க என்ன சொல்றாரு? சரியா கேக்கல. திரும்பப் போடுங்க" என்றார் அதிகாரி. கெட்டவர் இல்லை. பதிவு செய்ய வேண்டியது அவர் வேலை.

திரும்பப் போட்டேன். ஸ்பீக்கரில் கரகரப்பு. "இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை டைப்பிஸ்ட் பெண் தலை நிமிராமல் சொன்னார்: "'நான் தொடல சார்'ங்கறாருங்கய்யா."

அதுதான் அந்த மூன்று சொல். கைகள் போகிற நேரத்தில் அவன் கத்தியது அது. அம்மா என்றில்லை, சேசுவே என்றில்லை. டைப்பிஸ்ட் அதை எழுத்துத்தமிழில் அடித்தார்: "நான் தொடவில்லை ஐயா என்று மனுதாரர் கூவுவது கேட்கிறது."

7

செப்டம்பரில் உத்தரவு வந்தது. தவறு தொழிலாளியுடையது அல்ல. படம் கலங்கலாக இருந்ததால், பெடல் மிதிக்கப்படவில்லை என்பதற்கு, அந்த நொடியில் வந்த அந்தக் கூவலையே முக்கியமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் மேல்முறையீட்டுக்குப் போனது. "அசல் கோப்பும் அந்தக் கம்ப்யூட்டரும் பத்திரமா இருக்கணும், ஐகோர்ட்டுல கேப்பாங்க" என்றார் சென்னப்பன். கிருபாராணி பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முள் கிழித்த விரலோடு வந்து என்னிடம் சொன்னாள்: "அழிஞ்சிடப் போவுது மிஸ். ரெண்டு மூணு எடத்துல போட்டு வைங்க." வைத்தேன் என்று சொன்னேன். வைக்கவில்லை. அந்தக் கோப்பை இன்னொரு தடவை தொட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பொய்யை இங்கேதான் முதல் முறை ஒப்புக்கொள்கிறேன்.

[கதை இங்கே முடிந்திருக்கலாம். ஒரு பத்திரிகைக்கு இப்படியே அனுப்பவும் தயாராக இருந்தேன்.]

8

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, ஜாக்சன் தனியாகக் கூடத்துக்கு வந்தான். கதவைத் தோளால் தள்ளித் திறந்தான். முழுக்கைச் சட்டை, நுனிகள் மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

"உங்ககிட்ட இருக்கறத அழிச்சிடுங்க மிஸ்."

"கேஸ் நடக்குதே ஜாக்சன்."

"தெரியும்."

"ஆபீஸ்ல சிடி இருக்குது. இத அழிச்சாலும் அது இருக்கும்."

"அது அவங்களது, யாருக்கும் ஓடாது. ஓடுறது இது ஒண்ணுதான்."

"கிருபாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்பா. அவ சொல்றது சரிதான். நான் தப்புன்னு சொல்லல." மாணவி நாற்காலியில் உட்கார்ந்தான். "கை போனதுக்கு இல்ல மிஸ். அத எத்தினி பேரு பாத்தா இன்னா? கை போவுது, அப்பகூட நான் அந்தாளுக்குப் பதில் சொல்லிக்கினு இருக்கறன். சார், சார்ன்றன். என் வாயில வேற எதுவும் வரல. அதப் போட்டு மூணு தரம் கேட்டாங்க. இனி மெட்ராசுல எத்தினி தரம் கேப்பாங்களோ? கேசுல ஜெயிச்சதும் அந்த வார்த்தையாலதான்னு வக்கீலு சந்தோசமாச் சொல்றாரு."

என் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நானே அழிச்சிடுவன். எதுல போயி எத அழுத்தணும்னு தெரியாது. அதான் உங்களக் கேக்கறன்."

கணினியைப் போட்டேன். கோப்பைக் காட்டினேன். அழிக்கும் கட்டளை கொடுத்ததும் நிச்சயமாகவா என்று திரை கேட்டது. இந்த ஒரு பட்டனை முழங்கையால் அழுத்தலாம் என்று அவனுக்குச் சொன்னேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

"முடியும் மிஸ். ஆனா யாராச்சும் ஒருத்தரு, நான் சொன்னேன்னு, எனக்காக ஒண்ணு செய்யணும். இந்த ஒரு வருசத்துல எல்லாரும் எனக்கு நல்லதுன்னு அவங்க நினைக்கிறதத்தான் செஞ்சாங்க."

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நான் அழுத்துகிறேன். ஜாக்சன் எழுந்து, தோளால் கதவைத் தள்ளிப் போகிறான். ஐகோர்ட்டில் அசலைக் கேட்கிறார்கள். கிருபாராணி ரோஜாத் தோட்டத்திலிருந்து நேராக என்னிடம் வருகிறாள், வந்து

இன்னொன்றில் நான் கணினியை அணைத்துவிடுகிறேன். வழக்கு நிற்கிறது, ஒருவேளை ஜெயிக்கவும் செய்கிறது. அதற்குப் பிறகு ஜாக்சன் கோயிலுக்கு

இரண்டையும் முடிக்க முடியவில்லை. உண்மையில் நடந்தது இவற்றில் ஒன்றுதான். எது என்று எழுத மாட்டேன். எழுதினால் கிருபாராணி வாசிப்பாள், இல்லையென்றால் ஜாக்சனுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தமிழ் தெரியும்.

ஆகவே நீங்கள் வந்து என் நாற்காலியில் உட்காருங்கள். மணி பன்னிரண்டே கால். கூடத்தில் வேறு யாரும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விடும், அது போனால் யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை என்று நான் அப்போது நினைத்தேன், நீங்களும் நினைப்பீர்கள். போகாது. ஞாயிற்றுக்கிழமை மின்வெட்டு கிடையாது.

பக்கத்து நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். திரையைப் பார்க்கவில்லை. உங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.